மதகடியில் நின்ற கார்: ஒரு குடிபோதை வழக்கின் நினைவு

மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டினார் என்ற குற்றச்சாட்டை மெய்ப்பிக்க மூன்று செய்திகள் நிறுவப்பட வேண்டும்: அவர் குடித்திருந்தார் என்பது, வண்டியை அவரே ஓட்டினார் என்பது, ஓட்டிய அந்த வேளையில் அவர் உடலில் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு மேல் மது இருந்தது என்பது. நடுச்சாலையில் வண்டியை மறித்து ஊதச் சொல்லும் காவலருக்கு இம்மூன்றும் ஒரே சமயத்தில் கைக்கு வந்துவிடுகின்றன. ஆனால் அவர் வருவதற்குள் வண்டி எங்கோ மோதி நின்று, ஓட்டியவர் இறங்கிவிட்டிருந்தால், முதல் இரண்டையும் எப்படியாவது திரட்டிவிடலாம் என்றாலும் மூன்றாவது எளிதில் கிட்டுவதில்லை. சூழ்நிலைச் சாட்சியத்தை மட்டுமே நம்பித் தொடுக்கப்படும் குடிபோதை வழக்குகள் பெரும்பாலும் இந்த மூன்றாவது செய்தியிலேயே தடுமாறுகின்றன.

சட்டத்தின் வாசகமும் இதற்கு ஒரு காரணம். 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-ஆம் பிரிவு, வண்டியைத் தன் கட்டுக்குள் வைத்திருக்கும் திறனை இழக்கும் அளவுக்குப் போதையில் இருப்பதையே குற்றமாகக் கருதியது. எனவே நடை, பேச்சு, கண், வாடை ஆகியவற்றைக் கண்டவர்களின் சாட்சியம் அப்போது நேரடியாகப் பொருந்தியது. 1988-ஆம் ஆண்டின் புதிய சட்டம் தன் 185-ஆம் பிரிவில், எவ்வளவு சிறிய அளவாயினும் ரத்தத்தில் மது இருப்பதே குற்றம் என்றது. 1994-இல் வந்த திருத்தம் அதை மாற்றி, 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருப்பது மூச்சுச் சோதனைக் கருவியால் கண்டறியப்பட வேண்டும் என்று வரையறுத்தது. இவ்வாறு மனிதனின் நடத்தை பற்றிய குற்றம் ஓர் எண்ணைப் பற்றிய குற்றமாக மாறியது. தள்ளாடாத கால்களோடு ஒருவர் குற்றவாளியாகவும், தள்ளாடும் கால்களோடு இன்னொருவர் நிரபராதியாகவும் இருக்கலாம் என்ற நிலை உருவானது. மாற்றம் நல்லதே, ஆயினும் அந்தக் கருவி எல்லாக் காவல் நிலையங்களுக்கும் போய்ச் சேரும் முன்பே சட்டம் வந்து சேர்ந்துவிட்டது.

நேரில் கண்டவர் இல்லாதபோது, சுற்றியுள்ள செய்திகளை ஒன்றோடொன்று கோத்து முடிவுக்கு வருவதே சூழ்நிலைச் சாட்சியம் எனப்படும். அனுமந்த் வழக்கில் 1952-இலும், சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் 1984-இலும் உச்சநீதிமன்றம் இதற்கான அளவுகோல்களை வகுத்தது. ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே ஐயமற நிறுவப்பட வேண்டும். எல்லாக் கண்ணிகளும் சேர்ந்து குற்றத்தைத் தவிர வேறு எந்த விளக்கத்துக்கும் இடமில்லாமல் செய்ய வேண்டும். பெரிய வழக்குகளில் வார்க்கப்பட்ட இந்த அளவுகோல், அபராதத்தோடு முடிந்துபோகும் சிறு வழக்குகளுக்கும் உரியதே. ஆனால் கீழமை நீதிமன்றங்களில் அன்றாடம் வந்து குவியும் போக்குவரத்து வழக்குகளில் அதை எடுத்துப் பேசுவோர் குறைவு; குற்றத்தை ஒப்புக்கொண்டு பணத்தைக் கட்டிவிட்டு மறுநாள் வேலைக்குப் போவதே பலருக்கும் வசதியாக இருக்கிறது.

அவ்வாறு ஒப்புக்கொள்ள மறுத்த ஒருவரின் வழக்கு 1990-களின் பிற்பகுதியில் தஞ்சைப் பகுதியின் ஒரு சிறு நகர நீதிமன்றத்தில் நடந்தது. இக்கட்டுரையாளர் அப்போது அவ்வழக்கை நடத்திய மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராக இருந்து, கட்டுகளைச் சுமப்பதும் நகல் மனுப் போடுவதும் வாய்தா தேதிகளைக் குறித்துவைப்பதுமாகத் தொழில் பழகிக்கொண்டிருந்தார். குற்றஞ்சாட்டப்பட்டவர் ஐம்பதைத் தாண்டிய நெல் மண்டிக்காரர், ஊரில் மதிப்புள்ளவர், எப்போதாவது குடிப்பவர் என்பது ஊருக்குத் தெரியும், வீட்டுக்குத் தெரியாது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

அரசுத் தரப்பின் கதை எளிமையானது. ஐப்பசி மழையில் ஓர் இரவு 9.15 மணியளவில், சாலையோரக் களத்தில் காவலுக்குப் படுத்திருந்தவர் பெரிய சத்தம் கேட்டு எழுந்து வந்து பார்த்தபோது, அம்பாசிடர் கார் ஒன்று மைல்கல்லைச் சாய்த்துவிட்டு, மதகுச் சுவரில் உரசியபடி முன்சக்கரம் வாய்க்காலில் இறங்கி நின்றது. அதன் அருகே ஓர் ஆள் நின்றார். காவலர்கள் 10.45 மணிக்கு வந்து சேர்ந்தபோது, சற்றுத் தொலைவில் பூட்டிக் கிடந்த டீக்கடையின் பெஞ்சில் மண்டிக்காரர் உட்கார்ந்திருந்தார். வேட்டியில் சேறு, சட்டைப் பையில் கார்ச் சாவி, வாயில் மது வாடை, வண்டியின் முன்னிருக்கைக்கு அடியில் மூன்றில் ஒரு பங்கு மிச்சமிருந்த 180 மில்லி பிராந்திப் புட்டி. கார் அவர் பெயரில் பதிவாகியிருந்தது. இதற்கு மேலும் என்ன வேண்டும் என்று கேட்கத் தோன்றும். அப்போதைய உதவி ஆய்வாளருக்கும் அப்படித்தான் தோன்றியது. கண்மூடித்தனமாக வண்டி ஓட்டியதற்காக இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279-ஆம் பிரிவும், குடித்துவிட்டு ஓட்டியதற்காக 185-ஆம் பிரிவும் முதல் தகவல் அறிக்கையில் ஏறின.

மண்டிக்காரர் தம் வழக்கறிஞரிடம் சொன்ன கதை வேறு. வண்டியை ஓட்டியவன் பதினேழு வயதான அவருடைய தங்கை மகன்; இழுத்து எடுக்க டிராக்டர் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு அவன் ஊருக்குள் ஓடினான்; நனைந்த உடம்போடு குளிரில் தனியே காத்திருந்தவர், வண்டியில் கிடந்த புட்டியை எடுத்து அங்கேயே குடித்தார். விபத்துக்குப் பிறகே குடித்தேன் என்ற எதிர்வாதம் உலகெங்கும் குடிபோதை வழக்குகளில் வருவதுதான், அதைக் கேட்கும் எவருக்கும் முதலில் சிரிப்பு வருவதும் வழக்கந்தான். ஜூனியர் அதை முழுமையாக நம்பினார் என்று சொல்வதற்கில்லை. மூத்தவரோ நம்புவதும் நம்பாததும் தம் வேலையில் சேர்ந்ததல்ல என்று கருதியவர். கட்டைப் பிரித்து மகஜரைப் படிக்கச் சொன்னார்.

மகஜர் என்பது சம்பவ இடத்தில் காவல்துறை கண்டவற்றையும் கைப்பற்றியவற்றையும் சாட்சிகள் முன்னிலையில் எழுதி, அவர்களிடம் கையெழுத்து வாங்கும் ஆவணம். அவசரமாக எழுதப்பட்ட மகஜர்கள் கூட எழுதியவர் அறியாமலேயே சில உண்மைகளைக் காப்பாற்றி வைத்துவிடுகின்றன. இந்த மகஜரில் இரண்டு வரிகள் அப்படி இருந்தன. ஓட்டுநர் பக்கக் கதவு மதகுச் சுவரோடு ஒட்டித் திறக்க முடியாத நிலையில் இருந்தது என்பது ஒன்று. ஆகவே ஓட்டியவரும் உடன் வந்தவரும் இடப்பக்கக் கதவு வழியாகவே, அதே சேற்றில் இறங்கியிருக்க வேண்டும், வேட்டியின் சேறு யார் ஓட்டினார் என்பதற்கு விடை சொல்லாது. மற்றொன்று, பிரேக் மிதியடியில் கிடந்த ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. கைது செய்யப்பட்டபோது மண்டிக்காரரிடம் எடுத்த உடைமைப் பட்டியலில் கடிகாரம், பணம், மூக்குக்கண்ணாடி ஆகியவற்றோடு அவர் காலில் கிடந்த தோல் செருப்பும் எழுதப்பட்டிருந்தது. இரண்டு தாள்களும் ஒரே ரைட்டரின் கையெழுத்தில், ஒரே கட்டில், சில பக்க இடைவெளியில் இருந்தன.

“வண்டியில கெடந்த ரப்பர் செருப்பு உங்களுதா?” என்று மூத்தவர் கேட்டார்.

“என்னுது கால்லயே இருந்துச்சுங்க சார். அது பையனோடது. அவன் வெறுங்காலோட ஓடிட்டான்.”

“அவனக் கூண்டுல ஏத்தலாமா?”

மண்டிக்காரர் பதில் சொல்லவில்லை. பையனுக்கு உரிமம் இல்லை. உரிமம் பெறும் வயதும் ஆகவில்லை. அவனைச் சாட்சியாக அழைத்தால் அவன் மீது ஒரு வழக்கும், உரிமம் இல்லாதவனிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளர் என்ற முறையில் 180-ஆம் பிரிவின்கீழ் இவர் மீதே இன்னொரு வழக்கும் வரும். தங்கையின் வீட்டில் அப்போது வேறு துக்கமும் இருந்தது. எனவே பையனின் பெயரைச் சொல்லாமலேயே வழக்கை நடத்துவது என்று முடிவாயிற்று.

அந்த நிலையத்தில் மூச்சுச் சோதனைக் கருவி கிடையாது. காவலர் ஒருவர் மெமோவோடு, அதாவது மருத்துவ அதிகாரிக்கு எழுதும் வேண்டுகோள் கடிதத்தோடு, மண்டிக்காரரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். மருத்துவர் பரிசோதித்தபோது மணி 1.40. கைது செய்தவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லையேல் விடுவிக்க வேண்டும் என்று 202-ஆம் பிரிவு கூறுகிறது. கைதுக் குறிப்பில் மணி 12 என்று எழுதப்பட்டிருந்ததன் பொருத்தம் இதனால் விளங்கும்.

குடிபோதைப் பரிசோதனை பழைய நடைமுறைகளின்படியே நடந்தது. நேர்கோட்டில் நடந்து திரும்பச் சொல்லுதல், கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் மூக்கைத் தொடச் சொல்லுதல், இரு பாதங்களையும் சேர்த்துவைத்து நிற்கச் சொல்லுதல், கண்மணியின் விரிவையும் நாடித் துடிப்பையும் பார்த்தல், ஒரு தாளில் எழுதச் சொல்லிக் கையெழுத்தைக் கவனித்தல். முடிவாக மருத்துவர் மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: மது அருந்தவில்லை; அருந்தியுள்ளார், ஆனால் அதன் ஆதிக்கத்தில் இல்லை; அருந்தி அதன் ஆதிக்கத்தில் இருக்கிறார். மண்டிக்காரருக்குக் கிடைத்தது நடுவில் உள்ள வாக்கியம். 1939-ஆம் ஆண்டின் சட்டமாக இருந்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். ரத்தமும் எடுக்கப்பட்டது, பல மாதங்கள் கழித்து ஆய்வகத்திலிருந்து வந்த அறிக்கை 100 மில்லிலிட்டருக்கு 46 மில்லிகிராம் என்றது.

வரம்பு 30, அறிக்கை 46 என்று கணக்கை முடித்துவிடலாம் என அரசுத் தரப்பு நினைத்தது. ஆனால் அந்த 46 என்பது இரவு 1.40 மணியின் எண். குற்றம் நடந்ததாகச் சொல்லப்படுவதோ 9.15 மணிக்கு. மது ரத்தத்தில் ஏறி இறங்கும் முறையைக் கணக்கிடும் வாய்ப்பாட்டை சுவீடன் நாட்டு அறிவியலாளர் எரிக் வித்மார்க் 1930-களின் தொடக்கத்தில் வகுத்துக் கொடுத்தார். அருந்திய மதுவின் எடையை, உடல் எடையோடு உடல் நீரின் பங்கைக் குறிக்கும் ஒரு மாறிலியைப் பெருக்கி வருவதால் வகுத்தால் உச்ச அளவு கிடைக்கும்; அதன்பின் ஈரல் மணிக்கு ஏறத்தாழ 10 முதல் 20 மில்லிகிராம் வரை அதைக் குறைத்துக்கொண்டே வரும். புட்டியில் குறைந்திருந்தது 120 மில்லி. இந்தியாவில் விற்கும் பிராந்தியின் மது அளவு 42.8 விழுக்காடு, ஆக 40 கிராம் மது, 60 கிலோ எடையுள்ள ஆணுக்கு உச்ச அளவு சுமார் 100 மில்லிகிராம். விபத்துக்குப் பின் 10 மணிக்குக் குடித்து, மணிக்கு 15 வீதம் குறைந்தால் 1.40 மணிக்கு 45 மிஞ்சும். விபத்துக்கு முன் 8.30 மணிக்கே குடித்து, மணிக்கு 10 வீதம் குறைந்தால் 48 மிஞ்சும். ஒரே எண் இரண்டு கதைகளுக்கும் ஒத்துப்போனது. மூத்தவரின் மேசை மீது பழைய டைரித்தாளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த ஜூனியருக்கு, அறிவியல் தங்கள் பக்கம் என்று மகிழவும் முடியவில்லை, எதிர்ப்பக்கம் என்று அஞ்சவும் முடியவில்லை. அது பக்கம் சேராமல் நின்றது.

அதற்குள் வாய்தாக்கள் வந்துகொண்டே இருந்தன. மருத்துவர் மாற்றலாகிப் போயிருந்தார், உதவி ஆய்வாளர் தேர்தல் பணிக்குப் போயிருந்தார், ஒரு முறை நீதிபதியே விடுப்பில் இருந்தார். ஒவ்வொரு முறையும் மண்டிக்காரர் வெளுத்த சட்டையோடு காலையிலேயே வந்து, நீதிமன்ற வாசலில் தெரிந்த முகம் ஏதும் வரக் கூடாது என்ற எண்ணத்தில் முகத்தை மதில் பக்கம் திருப்பியபடி நிற்பார். பெயரை உரக்க மூன்று முறை கூப்பிடுவதுதான் அவருக்குத் தண்டனையாக இருந்தது. அந்த ஊரில் மண்டிக்கு நெல் கொண்டுவரும் குடியானவர்களில் சிலர் பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு என்று அதே வளாகத்தில் இருப்பார்கள். ஒப்புக்கொண்டு கட்டிவிடலாமா என்று அவர் ஒருமுறை கேட்டதுண்டு. 185-இன்கீழ் தண்டனை பெற்றால் குறைந்தது ஆறு மாதத்துக்கு ஓட்டுநர் உரிமத்தைத் தகுதியிழக்கச் செய்ய வேண்டும் என்று 20-ஆம் பிரிவு நீதிமன்றத்தைக் கட்டாயப்படுத்துவதை மூத்தவர் எடுத்துச் சொன்னார். உரிமத்தைவிடத் தம் பெயர் பெரிது என்று நினைத்தவராதலால் அவர் மறுபடி அதைக் கேட்கவில்லை.

விசாரணை தொடங்கியபின் வேகமாக முடிந்தது. களக்காவலர், தாம் பார்த்தபோது காருக்கு வெளியே ஆள் நின்றதாகவும், டார்ச் வெளிச்சத்தில் முகம் தெரியவில்லை என்றும், வேறு எவரேனும் ஓடினார்களா என்பது தமக்குத் தெரியாது என்றும் சொன்னார். மருத்துவரின் குறுக்கு விசாரணையில் மூத்தவர் அதிக நேரம் செலவிட்டது பஞ்சைப் பற்றி. ஊசி குத்துமிடத்தை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைப்பது மருத்துவமனை வழக்கம். மது அளவு பார்க்க எடுக்கும் ரத்தத்துக்கு அது கூடாது, ஏனெனில் ஸ்பிரிட்டும் மதுவே. எதனால் துடைத்தீர்கள் என்றால் பதிவேட்டில் இல்லை என்றார். ரத்தம் உறையாமலும் கெடாமலும் இருக்கச் சேர்க்க வேண்டிய பொட்டாசியம் ஆக்சலேட்டும் சோடியம் ஃபுளூரைடும் குப்பியில் இருந்தனவா என்றால் அதுவும் பதிவேட்டில் இல்லை. நேர்மையான மனிதர், நினைவில் இல்லாததை நினைவில் இருப்பதாகச் சொல்லவில்லை.

உதவி ஆய்வாளரிடம் கேட்டவை சில கேள்விகளே. ரப்பர் செருப்பு யாருடையது என்று விசாரிக்கவில்லை. சாவி, வண்டி நின்றபின் எவர் கைக்கும் போகலாம் என்பதை ஒப்புக்கொண்டார். வாகனச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, குற்றம் நடந்தபோது வண்டியை ஓட்டியவரின் பெயரையும் முகவரியையும் கேட்டால் உரிமையாளர் சொல்லியாக வேண்டும் என்கிறதே, அப்படிக் கேட்டு அறிவிப்பு அனுப்பினீர்களா என்ற கேள்விக்கு, ஓட்டியவர் அவரே என்பதால் அவசியம் ஏற்படவில்லை என்றார். சூழ்நிலைச் சாட்சிய வழக்குகளின் முதன்மைக் குறை இந்தப் பதிலில் அடங்கியிருந்ததாக இக்கட்டுரையாளர் கருதுகிறார்: முடிவு முதலில் கிடைத்துவிட்டதால், அதைச் சோதித்துப் பார்த்திருக்கக்கூடிய கேள்வி கேட்கப்படாமலேயே போயிற்று.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 313-ஆம் பிரிவின்கீழ், தமக்கு எதிரான சாட்சியத்தைப் பற்றி நீதிபதி கேட்டபோது, மண்டிக்காரர் தாம் ஓட்டவில்லை என்றும் பின்னரே குடித்ததாகவும் மட்டும் சொன்னார். ஒருவருக்கு மட்டுமே தெரிந்த செய்தியை அவரே மெய்ப்பிக்க வேண்டும் என்ற சாட்சியச் சட்டத்தின் 106-ஆம் பிரிவை அரசு வழக்கறிஞர் எடுத்துக்காட்டினார். அரசுத் தரப்பு தன் அடிப்படைச் சுமையை முதலில் இறக்கிவைத்த பிறகே அப்பிரிவு வேலை செய்யும் என்ற சம்பு நாத் மெஹ்ரா வழக்கின் 1956-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அதற்கு மறுமொழியாயிற்று. வாடை, தள்ளாட்டம், விரிந்த கண்மணி ஆகியவற்றை மட்டும் கொண்டு போதையை முடிவுசெய்ய இயலாது என்ற 1971-ஆம் ஆண்டின் பச்சுபாய் அசனல்லி கர்யானி வழக்கும், மூச்சுக் கருவி என்று சட்டம் சொல்லும் இடத்தில் ரத்தச் சோதனை நிற்குமா என்ற கேள்வியும் வாதத்தில் இடம்பெற்றன. நீதிபதி அவற்றுக்குள் நுழையவில்லை. ஓட்டியவர் யார் என்பது ஐயத்துக்கு அப்பால் நிறுவப்படவில்லை, சந்தேகத்தின் பலன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குரியது என்று சுருக்கமாக எழுதி விடுதலை செய்தார். செருப்பும் ஒரு சூழ்நிலைச் சாட்சியமே. காரில் எப்போதோ கழற்றிப் போட்டதாகவும் அது இருக்கலாம். தண்டிக்கப் போதாத சாட்சியம் ஐயம் எழுப்பப் போதும் என்பதே வேறுபாடு.

புகழ்பெற்ற வழக்குகளிலும் இதே இரு இடங்களில்தான் பின்னல் விட்டுப்போகிறது. 2002-இல் மும்பை பாந்த்ராவில் நடந்த விபத்து தொடர்பாக நடிகர் சல்மான் கானை 2015 டிசம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் விடுவித்தபோது, அவரே ஓட்டினார் என்பதும் போதையில் இருந்தார் என்பதும் மெய்ப்பிக்கப்படவில்லை என்றது. ரத்த மாதிரி கைமாறிய வழியில் இருந்த குறைகளும் அதில் பேசப்பட்டன.

விடுதலைத் தீர்ப்பின் நகலோடு மண்டிக்காரர் காப்பீட்டு நிறுவனத்தை அணுகியபோது, மருத்துவச் சான்றில் மது வாடை இருப்பதைக் காட்டிப் பணம் மறுக்கப்பட்டது. அன்று அது அநியாயமாகவே பட்டது. ஆனால் குற்ற வழக்கின் அளவுகோல் வேறு, உரிமையியல் வழக்கின் அளவுகோல் வேறு. டெல்லியில் 2007-இல் விபத்துக்குள்ளான ஒரு போர்ஷே கார் பற்றிய வழக்கில், மூச்சுச் சோதனையோ ரத்தச் சோதனையோ இல்லாவிட்டாலும், வாடையையும் விபத்து நடந்த விதத்தையும் கொண்டே ஓட்டுநர் மதுவின் தாக்கத்தில் இருந்தார் என்று காப்பீட்டாளர் நிறுவலாம் என உச்சநீதிமன்றம் 2021-இல் கூறியது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் செல்லாத அதே வாடை வேறொரு மன்றத்தில் செல்லும்.

சட்டம் பின்னர் சில ஓட்டைகளை அடைத்தது. 2019-ஆம் ஆண்டின் திருத்தம் ஆய்வகச் சோதனையையும் 185-க்குள் சேர்த்து, முதல் குற்றத்துக்கான அபராதத்தை 2,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக்கியது. ஆறு மாதச் சிறை அப்படியே இருக்கிறது. நேர இடைவெளியை அது தொடவில்லை. இங்கிலாந்தில் 1988-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, சோதனையில் கண்ட அளவு ஓட்டும்போதும் குறையாமல் இருந்ததாகவே கொள்ளப்படும், பின்னர் குடித்ததாகச் சொல்பவர் அதை நிரூபிக்க வேண்டும் என்கிறது. இந்தியச் சட்டத்தில் அத்தகைய வாசகம் இல்லை. அதே 2019 திருத்தம் புதிதாக 199ஏ என்ற பிரிவையும் கொண்டுவந்தது. சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், ஓராண்டுக்கு வண்டியின் பதிவு ரத்து. இன்று அந்த மதகடியில் அந்தக் கார் நின்றிருந்தால், ஆறு மாதக் குற்றச்சாட்டிலிருந்து விடுபட மண்டிக்காரர் சொல்லக்கூடிய ஒரே உண்மை, அவரை மூன்றாண்டுக் குற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.